மூன்றரை மணி எச்சில்

எனக்குப் பொறுமை கிடையாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். உலை கொதிக்கும்வரை பொறுக்காமல் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். பத்தாவது படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்போது, "யம்மா, கட்டிலு ஆடுது, கால நிறுத்து" என்பாள். நிறுத்துவேன். அவள் அடுத்த வரியை எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் ஆடும். இது பிறவிக் குணம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான். கரும்பு வெட்டுகிற ஆட்கள் வரக் கொஞ்சம் தாமதமானால் வரப்பிலேயே போவதும் வருவதுமாக இருப்பார்.

திருபுவனையில் ஸ்விட்ச் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வீட்டுச் சுவரில் எல்லோரும் தட்டுகிற வெள்ளை ஸ்விட்ச்தான். அதற்குள் பொட்டுக்கடலை அளவுக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பெல்ட்டில் ஊர்ந்து வருகிற ஸ்விட்ச் ஒவ்வொன்றிலும் அந்த ஸ்பிரிங்கை எடுத்து உட்காரவைக்க வேண்டும். பொறுமையில்லாதவளுக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்த சாமிக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம். ஆனாலும் என் கை அங்கே பிசகியதில்லை. கை அமைதியாக இருக்கும், மேஜைக்கு அடியில் கால் மட்டும் தையல் மிஷின் மிதிக்கும்.

எங்கள் லைனில் எல்லோரும் பெண்கள். வில்லியனூர் பக்கம், பாகூர் பக்கம், நெட்டப்பாக்கம் பக்கம் என்று கம்பெனி பஸ் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டு வரும். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஏம்பலத்துக்காரி. என்னைவிட வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரியது. அவள் இல்லாவிட்டால் நான் அந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்திருக்க மாட்டேன்.

எங்களுக்கு மூன்றரை மணிக்கு ஒரு பெல் அடித்துக்கொண்டிருந்தது. டீ பிரேக். பத்து நிமிஷம் பெல்ட் நிற்கும். போன கோடைக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். டீயை நிறுத்தவில்லை. அதைச் சொல்லாவிட்டால் கம்பெனிக்குப் பாவம். டீ இருக்கிற இடத்துக்கே வரும், பேப்பர் கப்பில், ஒரு கையால் குடித்துக்கொண்டே மறுகையால் வேலை பார்க்கலாம் என்று சொன்னார்கள். "உங்க சௌகரியத்துக்குத்தான்" என்றார் ஹெச்.ஆர். சார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

எங்களுக்கு வேண்டியிருந்தது டீ இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நாங்கள் பாத்ரூம் போய் வருவோம். சாப்பாட்டு வேளைக்கும் சாயங்காலம் பஸ் ஏறுவதற்கும் நடுவே எங்களுக்கு இருந்த ஒரே வழி அது. பெல் நின்ற பிறகு அவசரம் என்றால் கை தூக்க வேண்டும். நமக்குப் பதிலாக உட்கார ரிலீவர் என்று ஒரு பெண் வருவாள். இரண்டு லைனுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான். கை தூக்கியதும் அந்தக் கோடியிலிருந்து சூப்பர்வைசர், "இன்னாமா, இன்னா விஷயம்?" என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். பெல்ட் சத்தத்தில் அவர் கத்தித்தான் ஆக வேண்டும், அது அவர் குற்றமில்லை. ஆனால் என்ன விஷயம் என்று நாமும் பதிலுக்குக் கத்த முடியுமா? பாத்ரூமோ ஸ்டோருக்குப் பின்னால். லோடு ஏற்றுகிற பையன்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. ஒருத்தி செய்ததைப் பார்த்து இன்னொருத்தி செய்தது. காலையில் பஸ் ஏறியதிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது. மதியம் சோற்றோடு தொண்டை நனைய ஒரு வாய். டீ வந்தால் உதட்டில் வைத்துவிட்டு அப்படியே மேஜைக்கு அடியில். என் பாட்டிலில் காலையில் நிரப்பிய தண்ணீர் மாலையில் திரும்ப வீட்டுக்கு வந்து துளசிச் செடிக்குப் போகும். செடி நன்றாகத் தழைத்தது.

எனக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் கிடந்தேன். ஆஸ்பத்திரியில், "தண்ணி நெறைய குடிங்க" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பிற்பகலில் எனக்குக் கோபம் தலைக்கேறும். ஸ்பிரிங் தட்டைத் தள்ளிவைத்ததற்காக ஏம்பலத்துக்காரியோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். பஸ்ஸில் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றும் அடிவயிற்றில் இடிக்கும். வீட்டுக்குள் செருப்போடு ஓடிப் பின்கட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் பிள்ளையின் முகத்தையே பார்ப்பேன். "ஏன்டி இப்படிப் பேயறைஞ்சவ மாதிரி ஓடியார?" என்று மாமியார் கேட்பார். நான் என்ன சொல்வேன்? பிறவிக் குணம்.

ஒரு நாள் தாங்க முடியாமல் ஹெச்.ஆர். சாரிடம் போய்விட்டேன். பிரேக்கைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவேண்டியதுதான் என்று வேகமாகத்தான் போனேன். அவருக்கு என் தம்பி வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, மேஜையில் ஒரு குட்டிப் பிள்ளையார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. "பிரேக்கு இல்லாம ரொம்ப டென்ஷனா இருக்குது சார், ஸ்ட்ரெஸ்ஸு" என்றேன். ஸ்ட்ரெஸ் என்பது சொல்லக்கூடிய வார்த்தை. பேப்பரில் வருகிறது, சீரியலில் வருகிறது, ஆண்களுக்குக்கூட வருகிறது. பாத்ரூம் என்பது அப்படியில்லை.

அவர் என்னை விரட்டவில்லை. நிஜமாகவே யோசித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கம்மா. ஆனா மேல நான் எதைக் காட்டிப் பேசுறது? ஒரு நம்பர் இருந்தா பேசலாம்" என்றார். அப்படித்தான் எங்கள் ஷெட்டுக்குள் டாக்டரம்மா வந்தார்.

மெடிக்கல் காலேஜில் மேல்படிப்புப் படிக்கிற பெண். வேலை செய்யும் இடத்து மனஅழுத்தத்தை எச்சிலை வைத்து அளப்பது அவருடைய ஆராய்ச்சி. அவர் எச்சில் என்று சொல்லவில்லை, உமிழ்நீர் என்றார். சாப்பாட்டு ஹாலில் எங்களை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். மனசு பதறும்போது உடம்பு கார்ட்டிசால் என்று ஒன்றைச் சுரக்குமாம். காலையில் எழுந்ததும் அது அதிகமாக இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கிவிடும். பிற்பகலில் இறங்க வேண்டியது இறங்காமல் நின்றால் ஆளுக்கு ஏதோ பாரம் என்று அர்த்தம். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம், எச்சிலிலேயே அது தெரிந்துவிடும் என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் சொல்ல முடியாமல் விழுங்கியதையெல்லாம் என் வாயில் ஊறுகிற எச்சில் போய்ச் சொல்லிவிடும் என்றால் அதைவிட என்ன வேண்டும்? மூன்றரை மணி எச்சில் பேசட்டும், பெல் திரும்ப வரட்டும்.

"எடுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியிலேர்ந்து எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. கஷ்டமா இருக்குமாக்கா?" என்று டாக்டரம்மா கவலையோடு கேட்டார்.

ஹால் முழுக்கச் சிரித்தது. ஏம்பலத்துக்காரி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பாவம், டாக்டரம்மா தானும் சேர்ந்து சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

கண் விழித்ததும் ஒரு முறை, கம்பெனியில் மூன்றரைக்கு ஒரு முறை, படுக்கப் போகும்முன் ஒரு முறை. ஒவ்வொரு முறைக்கும் அளவுக் கோடும் மூடியும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் ஸ்ட்ரா ஒன்றும் கொடுத்தார்கள். தலையைக் குனிந்து ஸ்ட்ரா வழியாக எச்சிலை உள்ளே விட வேண்டும். வீட்டில் எடுத்ததைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். அங்கேதான் முதல் சண்டை. "எச்சில வெச்ச பொட்டியிலயா மாவ வெப்ப? பூஜைக்கு வாங்கின பாலு இருக்குது, தெரியுமில்ல?" என்று மாமியார் வழி மறித்து நின்றார். அதே பிரிட்ஜில் போன மாதம் மாட்டு ஊசி இருந்தது. அதைச் சொன்னேன். "அது மருந்துடி" என்றார். இதுவும் மருந்துதான், ஆராய்ச்சி மருந்து என்று சொல்லி, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, டப்பாவை மஞ்சள் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்தேன். மஞ்சள் துணியைப் பார்த்ததும் அவர் சமாதானமாகிவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு மரியாதையில்லாமல் ஊத்தை வாயோடு கொடுப்பதா என்று பாதிப் பேர் காலையில் பல் விளக்கிவிட்டு எடுத்தார்கள். பாகூர்க்காரி ஒருத்தி கிராம்பு மென்றுவிட்டு எடுத்தாளாம். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, மறுபடியும் குழாய் கொடுத்து, மறுபடியும் விளக்கினார். காலை எச்சில் அப்படியாக ஒருவழியாய்ச் சரியானது.

மூன்றரை மணி எச்சில்தான் வரவே இல்லை.

டாக்டரம்மா ஆபீஸ் ரூமில் பெட்டியோடு காத்திருக்க, சூப்பர்வைசர் பெல்ட்டை இரண்டு நிமிஷம் நிறுத்தினார். எல்லோரும் இருந்த இடத்திலேயே ஸ்ட்ராவை வாயில் வைத்துக் குனிந்தோம். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தை உறிஞ்சினேன், நாக்கைச் சுழற்றினேன். நுரையாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் லைன் முழுக்கக் கன்னத்தைக் குழித்துக் குழித்து அவஸ்தைப்படுகிறது. நேரம் ஓடுகிறது. எங்களுக்காகப் பேச வேண்டிய எச்சில் அது. காலை எச்சிலால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்? படுக்கப் போகும் நேரத்து எச்சிலை வைத்துக்கொண்டு யார் பெல் அடிப்பார்கள்? மூன்றரைக்கு எடுத்த குழாய் காலியாகப் போனால் எல்லாம் போச்சு. என் கால் ஆடிய ஆட்டத்தில் மேஜை மேலிருந்த ஸ்பிரிங்குகள் தட்டுக்குள் குதித்தன.

அப்போதுதான் ஏம்பலத்துக்காரி தன் சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டாள். உப்பும் மிளகாயும் வைத்து இடித்த புளி, ஒரு சின்ன டப்பாவில். பஸ்ஸில் வாய்க்கு ருசியாக அவள் எப்போதும் வைத்திருப்பது. "யக்கா, இந்தா. நாக்குல வெச்சுக்க, முழுங்காத. அதுபாட்டுக்கு ஊறும் பாரு."

"எதுவும் சாப்புடக் கூடாதுன்னாங்களேடி?"

"நீ எங்க சாப்புடுற? வாயிலதான வெக்கிற?"

அந்த நேரத்தில் அது மிகச் சரியான பேச்சாக எனக்குப் பட்டது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். தாடை கூசிற்று, இரண்டு பக்கமும் சுரீரென்று ஊறியது, குழாய் நிறைந்தது. டப்பா கைமாறிக் கைமாறி லைனின் கடைசிவரைக்கும் போய்க் காலியாகித் திரும்பி வந்தது. அந்த வாரம் எடுத்த நாளெல்லாம் அப்படியேதான். ஒருத்தி மாறி ஒருத்தி வீட்டிலிருந்து புளி இடித்துக்கொண்டு வந்தோம். எங்களில் ஒருத்திக்கும் இது ஏமாற்று என்று தோன்றவில்லை. கேட்டதை நிறைத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று இருந்தோம்.

சில வாரங்கள் கழித்து, ரிசல்ட் வந்துவிட்டது, மூன்றரை மணி நம்பரெல்லாம் வானத்துக்குப் போய்விட்டது என்று ஆபீஸ் பையன் மூலமாகச் செய்தி கசிந்தது. லைனில் ஒரே கொண்டாட்டம். "சொன்னனா இல்லியா, எச்சிலு பொய் சொல்லாது" என்றாள் ஏம்பலத்துக்காரி. பஸ்ஸில் பாட்டுப் போடச் சொல்லிக் கத்தினோம். அன்று வீட்டில் நான் மாமியாரோடு சிரித்துப் பேசியதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "இன்னா, லாட்டரி விழுந்துச்சா?" என்றார்.

மறுநாள் ஹெச்.ஆர். சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முதலில் வந்து கேட்டவள் நான் என்பதால் எனக்குத்தான் அழைப்பு. உள்ளே டாக்டரம்மா லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அக்கா, இந்த அளவு நெஜமா இருந்தா நீங்க யாரும் வேலைக்கு வந்திருக்க முடியாது, பெட்ல இருக்கணும்" என்றார். "மத்தியான சேம்பிள் மட்டும் லேசா பழுப்பா இருந்துச்சு. டெஸ்ட் பண்ணா ஒரே புளிப்பு. புளிப்பு பட்டா அளவு தாறுமாறா ஏறிடும். வாயில எதாவது வெச்சீங்களா?"

என் காது இரண்டும் எரிந்தது. "புளி" என்றேன்.

ஹெச்.ஆர். சார் நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீங்களா டாக்டர்? பிரேக்குக்காக எல்லாரும் சேர்ந்து நம்பரை ஏத்தி விட்டிருக்காங்க. நான் இவங்களுக்காக மேல பேசி வேற வெச்சிருக்கேன். இனிமே நான் என்ன மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பேசுவேன்?"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. நான் திருடி என்று சொன்னால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. வலித்தது எனக்காகக்கூட இல்லை. வெளியே பெல்ட்டில் உட்கார்ந்து, நான் நல்ல சேதியோடு வருவேன் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பவர்களின் முகம் கண்ணில் வந்தது. அந்தப் பெல் இனி அடிக்காது.

"ஏத்தணும்னு வெக்கல சார். எச்சிலு வரல, அதான் வெச்சோம்" என்றேன்.

"வரலைன்னா?" என்றார் டாக்டரம்மா.

"வாயி காஞ்சி பூடுது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான்."

"ஏன்க்கா? தண்ணி குடிக்கறதில்லையா?"

நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா லேப்டாப்பை மூடினார். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் அடுத்து அவர் கேட்ட கேள்வி. குரலை இறக்கி, "உங்க பாத்ரூம் எங்கக்கா இருக்கு? இங்க வர்ற அன்னைக்கெல்லாம் நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்து, கேக்காமலே வீட்டுக்குப் போயிடுறேன்" என்றார்.

அவ்வளவுதான், என் வாயைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கை தூக்குவது, "இன்னா விஷயம்" என்று கத்துவது, லோடு பையன்களைத் தாண்டிப் போவது, காலையிலிருந்து தண்ணீர் தொடாதது, நீர்க்கடுப்பு, காய்ச்சல், பஸ்ஸில் ஸ்பீட் பிரேக்கர். "டீயா சார் கேட்டோம்? டீ எங்க வூட்டுல இல்லியா? ஒன்னுக்குப் போவத்தான் சார் பிரேக்கு கேட்டோம்" என்றேன். சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை அந்த ஏசி ரூமில் குட்டிப் பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று என் மேலேயே வந்தது.

ஹெச்.ஆர். சார் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. கடைசியில், "நோட் பண்ணிக்கிறேம்மா, நீங்க போங்க" என்றார். டாக்டரம்மா, மூன்றரை மணி சேம்பிளை முதலிலிருந்து மறுபடி எடுக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது கதவை மூடும்போது காதில் விழுந்தது.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் எந்தப் பக்கம் நடந்தாலும் கண் அவர் பின்னாலேயே போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் உள்ளே நுழைந்தால், லைனின் இரண்டு கோடியிலும் புத்தம்புது ஸ்டாண்டில் தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்திருக்கிறது. பக்கத்தில் சங்கிலி போட்ட எவர்சில்வர் டம்ளர். சுவரில் ஒரு நோட்டீஸ்: தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், ஆரோக்கியமாக இருங்கள். ஒரு பெண் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற படம் வேறு.

பெல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏம்பலத்துக்காரி நோட்டீசைப் படித்தாள். கேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ இன்னாக்கா சொல்லிட்டு வந்த உள்ள?" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மதியம்வரைக்கும் ஒருத்தியும் அந்தக் கேன் பக்கம் போகவில்லை. புதுப் பெண்டாட்டி மாதிரி அது பளபளவென்று மூலையில் நின்றது.

சாப்பாடு முடிந்து திரும்பும்போது அந்த நோட்டீஸ் மறுபடி கண்ணில் பட்டது. அதில் சிரிக்கிற பெண்ணைத் தாங்க முடியவில்லை. நேராகக் கேனுக்குப் போனேன். டம்ளரை நிறையப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். இன்னொன்று. இன்னொன்று. தொண்டையிலிருந்து அடிவயிறுவரை அது ஜில்லென்று இறங்குவது தெரிந்தது. பெல் நின்ற பிறகு அந்த ஷெட்டுக்குள் நான் தாகம் தீரத் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஏம்பலத்துக்காரி டம்ளருக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் பின்னால் பாகூர்க்காரி. அவளுக்குப் பின்னால் வரிசை.

வேலையைத் தொடங்கினோம். பெல்ட் ஓடியது. பேப்பர் கப்பில் டீ வந்தது, அதையும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் நான் கை தூக்கினேன்.

"இன்னாமா, இன்னா விஷயம்?"

"பாத்ரூம் சார்!" என்று நான் கத்தினேன். பெல்ட் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரிதான் கத்தினேன்.

ரிலீவர் ஓடிவந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். நான் இரண்டு அடி வைப்பதற்குள் ஏம்பலத்துக்காரியின் கை மேலே போயிற்று. "எனக்கும் சார்!" அப்பால் இன்னொரு கை. எதிர்வரிசையில் இரண்டு கை. ஒரு ரிலீவர் எத்தனை இடத்தில் உட்காருவாள்? ஸ்பிரிங் இல்லாத ஸ்விட்ச்கள் வரிசையாக நகர்ந்து கோடியில் போய்க் குவிந்தன. பெல்ட் நின்றது.

பெல்ட் நின்றால் அந்த ஷெட்டில் ஒரு அமைதி வரும், காதுக்குள் ரீங்காரம் கேட்கும். அந்த அமைதியில் சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இன்னாமா இது, எல்லாரும் ஒரே நேரத்துல? பிளான் பண்ணிப் பண்றீங்களா?"

"பிளான் இன்னா சார் பிளானு? தோ, தண்ணி குடின்னு நோட்டீசு ஒட்டுனது நீங்கதான? குடிச்சோம்" என்றாள் ஏம்பலத்துக்காரி.

நாங்கள் நடந்தோம். லோடு பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காலை மடக்கி வழிவிட்டார்கள். ஸ்டோருக்குப் பின்னால் வரிசையில் நின்றபோது எங்களுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அடக்க முடியவில்லை. அடக்கவும் தேவையில்லாத இடம் அது. மறுநாளும் குடித்தோம். மறுநாளும் பெல்ட் நின்றது. ஹெச்.ஆர். சார் கீழே இறங்கிவந்து, நின்றிருந்த பெல்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் கேட்ட நம்பர் அவருக்கு முன்னால் குவிந்து கிடந்தது.

அந்த வாரக் கடைசியில் மூன்றரைக்குப் பெல் அடித்தது. எந்த அறிவிப்பும் இல்லை. ஒரு நாள் அடித்தது, பிறகு தினமும் அடித்தது. பதிலுக்கு டீயை நிறுத்திவிட்டார்கள். டீ எங்கே என்று இன்றுவரை எங்களில் ஒருத்தியும் கேட்டதில்லை.

டாக்டரம்மா மறுபடியும் குழாய்ப் பெட்டியோடு வந்தார். ஏம்பலத்துக்காரியின் பையை அவரே வாங்கிப் பிரித்துப் பார்த்து, புளி இல்லை என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எனக்கு இந்தத் தடவை என்ன நம்பர் வரும், ஏறுமா இறங்குமா என்று தெரியாது. என் கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போட முடியாது, எங்கள் அப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஸ்ட்ராவை வாயில் வைத்துக் குனிந்தேன். நாக்கைச் சுழற்றவில்லை, கன்னத்தை உறிஞ்சவில்லை. அது தானாக ஊறிக் குழாயில் இறங்கியது. கோடுவரை வந்தது, கோட்டைத் தாண்டியது, விளிம்பு தளும்பி என் விரலில் வழிந்தது.

"போதும்க்கா, போதும்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு நிறுத்த மனசு வரவில்லை.